வெறும் வெனிலா ஐஸ்கிறீமுக்கு மூலிகை, மசாலா வாசம் ஏத்துற முழு வழி

இது ஐஸ்கிறீம் செய்யிற பாடம் இல்ல. கடைல வாங்கின 1 லீட்டர் வெறும் வெனிலாவுக்கு ஏலக்காய், கறுவா, ரம்பை (கறிக்குப் போடுற நீள வாசனை இலை), புதினா எண்டு நம்மட வீட்டில கிடக்கிற சாமான வச்சு வாசம் ஏத்துறது எப்பிடி, எதுக்குப் பிறகு எது, அது மட்டும்தான்.

மட்டக்களப்பு கல்லடில எங்கட வீட்ட வந்து பழகின ஆக்கள நான் பக்கத்தில நிண்டு பாத்திருக்கன். கிட்டத்தட்ட எல்லாரும் முதல்ல செய்யிற வேல டப்பாவத் தூக்கி மேசைல வைக்கிறது. மறுகாதான் ஏலக்காய் எங்க, வடி எங்க எண்டு தேடுறது, தேடி எடுத்து இடிச்சு முடியிறதுக்குள்ள ஐஸ்கிறீம் ஓரமெல்லாம் தண்ணியாப் போயிரும். நம்மட வெக்கைல, அதுவும் கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடில, பத்து நிமிசம் போதும். ஒருக்கா உருகின ஐஸ்கிறீமுக்குள்ள இருந்த காத்து போயிரும், திரும்ப உறையும்போது பெரிய பெரிய ஐஸ் கல்லாத்தான் உறையும், பழைய பதம் வராது.

அதால இந்த வேலைல ஒரே ஒரு ஒழுங்கத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுவன். கலவை முதல்ல, அது ஆறிக் குளிரணும், ஐஸ்கிறீம் கடைசியாத்தான் வெளிய வரணும். கீழ இருக்கிற எல்லாப் படியும் இந்த ஒழுங்குலதான் போகுது.

1. டப்பாவ வாசிச்சு வாங்குங்க

வெளிப்பக்கத்தில என்ன படம் போட்டிருக்கு எண்டு பாக்காம பின்பக்கம் சாமான் விபரத்தப் பாருங்க. பால் கொழுப்பு போட்டதும் இருக்கு, மரக்கறிக் கொழுப்பு போட்டதும் இருக்கு. மசாலா வாசம் கொழுப்புலதான் கரைஞ்சு நிக்கும், பால் கொழுப்பு வாயில லேசா உருகும், அதோட சேர்ந்து வாசமும் வெளிய வரும். மரக்கறிக் கொழுப்புல சிலது நாக்குல மெழுகு மாதிரி ஒட்டிக்கிடக்கும், வாசம் பிந்தித்தான் வரும்.

கைல தூக்கிப் பாருங்க. நிறையும் டப்பாலயே போட்டிருப்பாங்க. 1 லீட்டர் டப்பா 500 கிராம் அளவுல நிண்டா அதுல கிட்டத்தட்டப் பாதி காத்து எண்டு அர்த்தம். அது குற்றமில்ல, ஆனா கலக்கும்போது அமுங்கும், 1 லீட்டர் கொண்டு வந்து முக்கால் லீட்டராப் போச்சே எண்டு பயப்பிடுவீங்க. பாரமான டப்பா கிடைச்சா அதையே எடுங்க.

வெனிலா வாசம் மிச்சம் தூக்கலா இருக்கிறத எடுக்க வேணாம். அது மேல நீங்க என்ன போட்டாலும் சண்ட பிடிக்கும், ரம்பைக்கு முக்கியமா.

2. எல்லாத்தையும் மேசைல அடுக்கிட்டுத்தான் தொடங்குறது

வேணும்கிறது: சின்னத் தாச்சி ஒண்டு, இடி உரல் (இல்லாட்டி மிக்ஸி), தேத்தண்ணி வடி, மெல்லிய வெள்ளச்சீலைத் துண்டு, மர அகப்பை, வாயகண்ட எவர்சில்வர் பாத்திரம், தேக்கரண்டி மேசைக்கரண்டி ரெண்டும், மூடியோட பதிவான (உசரம் குறைஞ்ச) டப்பா ஒண்டு. ரின்பால் (சீனி போட்டுத் தடிப்பாக்கின பால்), கொழுப்புள்ள பால்மா, உப்பு, சீனி.

எவர்சில்வர் பாத்திரத்தையும் பதிவான டப்பாவையும் அகப்பையையும் இப்பவே பிரீசர்ல வச்சிருங்க, அரை மணித்தியாலமாவது கிடக்கணும். சூடான பாத்திரத்தில ஐஸ்கிறீமப் போட்டா அடிப்பக்கம் தொட்ட உடனே உருகும். இதச் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, பாத்திரத்த வைக்க மட்டும் மறந்துருவாங்க.

கரண்டிக்கு அளவு முக்கியம். வீட்டுக் கரண்டி ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு, அளக்கிற கரண்டி ஒரு செட் வாங்கி வையுங்க, விலை பெருசில்ல. கறிக்கு கைக்கணக்கு சரி, இதுக்குச் சரிவராது, ஏனெண்டா கறில கூடினா தேங்காய்ப்பால் விட்டுச் சமாளிக்கலாம், உறைஞ்சதுக்குப் பிறகு ஐஸ்கிறீமுக்கு அப்பிடி ஒண்டும் செய்யேலாது.

3. மீனுக்கும் ஐஸ்கிறீமுக்கும் இடையில இடம் விடுங்க

இது நம்மட ஊருக்கெண்டே எழுதுறன். வாவில பிடிச்ச இறால், கடல் மீன், கணவாய் எண்டு பிரீசர்ல எப்பவும் ஏதாவது கிடக்கும். கொழுப்பு பக்கத்தில இருக்கிற எல்லா மணத்தையும் இழுத்து வச்சுக்கொள்ளும், அதே குணத்தாலதான் அது ஏலக்காய் வாசத்தையும் பிடிக்குது. ஒரு பிறந்தநாளுக்கு எண்டு நான் ரெண்டு நாள் மினக்கெட்டுச் செஞ்ச ரம்பை ஐஸ்கிறீம் மூடி சரியா மூடாததால இறால் மணத்தோட வந்து நிண்டது, புள்ளைகள் ஒரு கரண்டியோட வச்சுட்டாங்க. எனக்கு அழுகையே வந்திட்டு.

மீன் எல்லாத்தையும் இறுகின மூடி போட்ட டப்பாவுக்கு மாத்துங்க, பொலித்தீன் பை காணாது. முடிஞ்சா கீழ்த் தட்டுல மீன், மேல்தட்டுல ஐஸ்கிறீம். கலக்கிறதுக்கு முதல்நாளே இதச் செய்யுங்க, அண்டைக்கே பிரீசரக் கிண்டினா சூடு உள்ள போயிரும்.

4. சாமான மணந்து பாருங்க, மறுகா வறுங்க

ஏலக்காய உடைச்சு விதையப் பாருங்க. கறுப்பா, லேசா பிசுபிசுப்பா இருந்தா நல்லது. காஞ்சு மண்ணிறமா, தூசு மாதிரி இருந்தா வேணாம். கறுவா எடுக்கும்போது மெல்லிசா, சுருள் சுருளா, கையால நொறுக்கினா நொறுங்குறத எடுங்க, அதுதான் நம்மட நாட்டுக் கறுவா. தடிச்சுக் கட்டையா இருக்கிற பட்டை வேற இனம், அதுக்குக் காரம் கூட, இடிச்சாலும் நைசா வராது, பால்ல கொஞ்சம் கொழகொழத்தும் போகும். பக்கெட்டுல அரைச்சு வச்ச தூள் வாங்க வேணாம். அரைச்ச நாள்ல இருந்தே வாசம் பறக்கத் தொடங்கியிரும். காத்தான்குடிப் பக்கம் சரக்குக் கடைகள்ல முழுசா 50 கிராம் எண்டாலும் நிறுத்துத் தருவாங்க, தேவைக்கு அவ்வளவு வாங்கினாக் காணும்.

வறுக்கிறதுக்கு ரெண்டு காரணம். ஒண்டு ஈரம். மாரில, கார்த்திகை மார்கழி மழைல, போத்தலுக்குள்ள இருக்கிற மல்லி கூட நமத்துப் போயிருக்கும், நமத்தது இடிபடாது, திரி திரியா நிக்கும். ரெண்டாவது, சூடு பட்டாத்தான் உள்ள இருக்கிற எண்ணெய் இளகி வாசம் வெளிய வரும்.

தாச்சிய மெல்லிய நெருப்புல வையுங்க. மல்லி, பெருஞ்சீரகம், மிளகு இதுகள 2 நிமிசம், கை விடாமக் கிண்டி. மணம் மூக்குக்கு வந்த உடனே இறக்கி வேற தட்டுல கொட்டுங்க, தாச்சிலயே விட்டா அந்தச் சூட்டிலயே கருகும். கறுவா, கராம்புக்கு அரை நிமிசம் காணும். ஏலக்காய் விதையையும் சாதிக்காயையும் நான் வறுக்கிறதே இல்ல, அதுகள்ட வாசம் மெல்லிசு, வறுத்தா பாதி அடுப்படிலயே போயிரும்.

கறிக்கு வறுக்கிற மாதிரிக் கறுக்க வறுக்க வேணாம். இறைச்சிக்கு அந்தக் கசப்பு அழகு, பாலுக்கு இல்ல.

ஆறினதுக்குப் பிறகு இடிச்சு, முதல்ல வடில, மறுகா வெள்ளச்சீலைல அரிங்க. ரெண்டு தரம் அரிக்கிறது கூடுதல் வேல மாதிரித் தெரியும். ஆனா ஐஸ்கிறீம் நாக்குல வழுக்கிக்கொண்டு போற சாமான், அதுக்குள்ள ஒரு சின்ன உமி மாட்டினாலும் மணல் கடிச்ச மாதிரி இருக்கும். ஏலக்காய்த் தோலைச் சேத்து இடிக்காதீங்க, தோலத் தேத்தண்ணிக்குப் போடுங்க.

5. எந்தச் சாமானுக்கு எந்த வழி

இதுதான் எல்லாத்தையும்விட முக்கியமான படி, அவசரப்படாம வாசிங்க. ஐஸ்கிறீமுக்கு எதிரி தண்ணி. பச்சை இலை, பச்சை இஞ்சி, சாறு, கசாயம் எதுவா இருந்தாலும் அதோட போற தண்ணி உறைஞ்சு கல்லாகும். அப்ப வாசத்த மட்டும் உள்ள கொண்டு போகணும், தண்ணிய வெளிய விடணும். அதுக்கு மூண்டு வழி இருக்கு.

தூள் வழி. ஏலக்காய், சாதிக்காய், கறுவா, மிளகு, மல்லி, வேர்க்கொம்பு (காஞ்ச இஞ்சி), கராம்பு எண்டு காஞ்சது எல்லாம். அரிச்ச தூளை நேரா ஐஸ்கிறீம்ல தூவக்கூடாது. குளிருக்குள்ள தூள் கரையாது, திட்டுத் திட்டா நிக்கும், ஒருத்தருக்கு வெறும் வெனிலா, மற்றவருக்கு வாய் நிறையக் கராம்பு. தூளை 3 மேசைக்கரண்டி ரின்பால்ல குழைச்சு, அந்தக் கிண்ணத்தச் சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள 10 நிமிசம் வையுங்க. சூட்டில வாசம் பால் கொழுப்புக்குள்ள இறங்கும். ரின்பால்ல தண்ணி குறைவு, சீனி கூட, அதால அது பிரீசர்லயும் கல்லா இறுகாது, கலக்கச் சுகம்.

பால் வழி. ரம்பை, லெமன்கிராஸ், கறிவேப்பிலை மாதிரி தடிச்ச நார் இலைக்கு. இதுகள அரைச்சா நார் நிக்கும், பச்சையாப் போட்டா வாசமே வராது, சூடு வேணும். 100 மில்லி லீட்டர் கொழுப்புள்ள பால்ல இலையக் கீறி, லெமன்கிராஸ் எண்டா உரல்ல தட்டிப் போட்டு, மெல்லிய நெருப்புல பால் பாதியா வத்தும் வரைக்கும் வையுங்க. மூடி வச்சு 20 நிமிசம் ஊற விட்டு வடிங்க, இலையப் பிழிஞ்சு எடுங்க. இப்ப அதுக்குள்ள 3 மேசைக்கரண்டி பால்மாவக் கட்டி இல்லாமக் கரைச்சா தடிச்ச களி மாதிரி வரும். பால்மா அந்தத் தண்ணியத் தனக்குள்ள பிடிச்சு வச்சுக்கொள்ளும், பெரிய ஐஸ் கல் வராது. நம்மட பக்கம் கடைல கிறீம் எல்லா நாளும் கிடைக்காது, பால்மா எந்தப் பெட்டிக்கடைலயும் இருக்கும், அதால நான் இதையே பழகிட்டன்.

சீனி வழி. புதினா, துளசி மாதிரி மெல்லிய இலைக்கு. இதுகளக் காய்ச்சினா வாசம் மாறி அவிச்ச கீரை மணம் வரும். கொதிக்கிற தண்ணில 15 செக்கன் முக்கி எடுத்து உடனே ஐஸ் தண்ணில போடுங்க. இலை கறுக்கிறதுக்குக் காரணமான சத்து அந்தக் கொஞ்ச நேரச் சூட்டில செத்துப்போகும், பச்சை நிறம் நிக்கும். ஐஸ் தண்ணி அதுக்கு மேல வேகாமத் தடுக்கும். மறுகா துணில வச்சு இறுக்கிப் பிழிஞ்சு, 1 மேசைக்கரண்டி சீனியோட உரல்ல நைசா இடிங்க. சீனிக் கல் இலையக் கிழிச்சு எண்ணெய வெளிய எடுக்கும். 2 மேசைக்கரண்டி ரின்பால் சேத்து வடில தேச்சு வடிங்க.

பச்சை இஞ்சியப் பற்றித் தனியாச் சொல்லணும். பச்சை இஞ்சிச் சாறுல பாலத் திரைய வைக்கிற ஒரு சத்து இருக்கு, அன்னாசிலயும் பப்பாசிலயும் அதே மாதிரி உண்டு, பால் புரதத்த அறுத்துக் கசப்பாக்கும். இஞ்சி கட்டாயம் வேணும் எண்டா மெல்லிசா அரிஞ்சு சீனிப்பாகுல நல்லாக் கொதிக்க வச்சு எடுங்க, சூட்டில அந்தச் சத்து போயிரும். எனக்கு எண்டா வேர்க்கொம்புதான் நல்லம், தண்ணியும் இல்ல, வாசமும் ஆழம்.

தேசிக்காய்ப் புளியும் விடக்கூடாது, பால் திரையும். பச்சைத் தோலை மட்டும் சின்னத் துருவில லேசாச் சீவி எடுங்க. நம்மட தேசிக்காய்க்குத் தோல் மெல்லிசு, ரெண்டு தரம் தேச்சா வெள்ளை வந்திரும், வெள்ளை கசக்கும்.

6. நான் போடுற நாலு கலவை, 1 லீட்டருக்கு

வட்டிலப்ப வாசம். 10 ஏலக்காய்ட விதை மட்டும், கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய் துருவினது ரெண்டு சிட்டிகை, கராம்பு 1. ரின்பாலுக்குப் பதில் 2 மேசைக்கரண்டி கித்துள் பாணில குழைச்சு, 2 மேசைக்கரண்டி பால்மா போட்டு இறுக்குங்க, உப்பு ஒரு சிட்டிகை. பாணி 2 கரண்டிக்கு மேல போக வேணாம், சீனி கூடினா ஐஸ்கிறீம் உறையவே மாட்டுது, எப்பவும் தளதளண்டு நிக்கும். கடைசில வறுத்த கஜு ஒரு பிடி. இதக் காத்தான்குடில இருந்து வாற ஒரு ராத்தா ருசி பாத்திட்டுக் கராம்ப ரெண்டாக்கச் சொன்னா, நான் ஒண்டோட நிப்பாட்டினன், அடுத்த நாள் திண்டு பாத்து அவவே ஒண்டு காணும் எண்டுட்டா.

வேர்க்கொம்பு மல்லி. வேர்க்கொம்புத் தூள் அரைத் தேக்கரண்டி, வறுத்த மல்லி 2 தேக்கரண்டி இடிச்சு அரிச்சது, மிளகு 8, ரின்பால் 3 மேசைக்கரண்டி. மல்லிய ஐஸ்கிறீமுக்கா எண்டு கேப்பாங்க. மல்லி விதைல தேசிக்காய்த்தோல் மாதிரி ஒரு வாசம் இருக்கு, கறில மற்ற மணங்களுக்குள்ள அது தெரியாது, பாலுக்குள்ள நல்லாத் தெரியும். எனக்கு இந்த நாலுலயும் பிடிச்சது இதுதான். காய்ச்சல் தடிமனுக்குக் குடிக்கிற மல்லித்தண்ணி ஞாபகம் வருது எண்டு சின்னப் புள்ளைகள் முதல்ல தள்ளுவாங்க, அதால பெரியாக்களுக்கு வைக்கிறதுதான் நான்.

ரம்பை லெமன்கிராஸ். சாண் நீள ரம்பை 2 துண்டு, லெமன்கிராஸ் 1 தண்டுட வெள்ளை அடிப்பக்கம். இதுக்குப் பாலுக்குப் பதில் தேங்காய் முதல்பால் 100 மில்லி லீட்டர் பாவிக்கலாம், ஆனா கொதிக்க விடாமச் சூட்டில மட்டும் வையுங்க, கொதிச்சாத் திரைஞ்சு எண்ணெய் பிரியும். வத்தி 4 மேசைக்கரண்டி வந்தாக் காணும், அதுக்கு மேல போட வேணாம், தேங்காய்க் கொழுப்பு குளிர்ல இறுகி மேல்வாய்ல ஒட்டும். 2 மேசைக்கரண்டி பால்மா, கொஞ்சம் தாராளமா உப்பு.

புதினா தேசிக்காய்த்தோல். புதினா 30 இலையளவு, தேசிக்காய் 1 தோல், சீனியும் ரின்பாலும் மேல சொன்ன கணக்கு. துளசி போடுறதெண்டா 12 இலைக்கு மேல வேணாம், துளசி வாசமும் கராம்பு வாசமும் ஒரே வகை எண்ணெய், சட்டெண்டு மருந்து மணம் வந்திரும். அதே காரணத்தால துளசியையும் கராம்பையும் ஒண்டாப் போடுறதில்ல.

எந்தக் கலவையா இருந்தாலும் ஈரமான சாமான் எல்லாம் சேந்து 6 மேசைக்கரண்டியத் தாண்டக்கூடாது.

7. கலவையக் குளிர விடுங்க

கீழ்ப் பிரிட்ஜ்ல 1 மணித்தியாலம், மறுகா பிரீசர்ல 10 நிமிசம். கைல தொட்டா சில்லெண்டு இருக்கணும். சூடா இல்ல, ஆறிட்டுத்தானே எண்டு கலக்கப் போவாங்க. ஆறினது எண்டா நம்மட ஊர்ல 30 பாகை, பிரீசர்க்குள்ள -18 பாகை, ரெண்டுக்கும் இடையில 48 பாகை இருக்கு.

8. டப்பாவத் தொட முதல் ஒரு கிண்ணத்தில பாருங்க

ரெண்டு குவி கரண்டி ஐஸ்கிறீம மட்டும் எடுத்து, மூடியத் திரும்ப மூடி உள்ள வச்சிருங்க. அதுக்கு அரைத் தேக்கரண்டி கலவை விட்டுக் கலந்து, 1 மணித்தியாலம் உறைய விட்டுத் திண்டு பாருங்க.

உடனே ருசி பாக்காதீங்க. குளிர்ல நாக்குக்கு இனிப்பும் வாசமும் குறைவாத்தான் தெரியும். அதால கலவையத் தனியா நக்கிப் பாக்கும்போது அளவா இருந்தா ஐஸ்கிறீம்ல காணாது, தனியா ருசிக்கும்போது கொஞ்சம் தூக்கலா, ஐயோ கூடிட்டோ எண்டு யோசிக்கிற அளவுல இருக்கணும். ஆனா கராம்பும் மிளகும் வேற கணக்கு. அதுகள் ராவெல்லாம் கிடந்து கூடும், அண்டைக்கு அளவா இருந்தா அடுத்த நாள் மிஞ்சியிருக்கும். புதினா மற்றப்பக்கம், நாள் போகப் போகக் குறையும். இந்த மூண்டு குணத்தையும் மனசுல வச்சுத்தான் அளவக் கூட்டிக் குறைக்கணும்.

9. இப்பத்தான் டப்பா வெளிய வருது

வெளிய எண்டாலும் மேசைக்கு இல்ல, கீழ்ப் பிரிட்ஜுக்கு. 20 இல்லாட்டி 25 நிமிசம். மேசைல வச்சா ஓரம் உருகி நடு கல்லா நிக்கும், பிரிட்ஜுக்குள்ள மெதுவா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இளகும்.

பதம் பாக்க ஒரு கரண்டியக் குத்துங்க. றொட்டிக்குக் குழைச்ச மாவவிட இளக்கம், தோசை மாவவிட நல்ல இறுக்கம், அதுதான் வேணும். கரண்டி நட்டுக்கொண்டு நிக்கணும், சாயக்கூடாது. ஓரத்தில பளபளண்டு ஈரம் தெரிஞ்சா அதுக்கு மேல ஒரு நிமிசம் கூட விடாதீங்க.

10. கலக்கிறது, 3 நிமிசத்துக்குள்ள

காத்தாடிய நிப்பாட்டுங்க, வெக்கைக் காத்து மேல படுறது நல்லமில்ல. குளிர்ந்த பாத்திரத்தில ஐஸ்கிறீமக் கொட்டி, கலவைய மேல நாலு இடத்தில விட்டு, மர அகப்பையால வெட்டி மடிச்சு, வெட்டி மடிச்சு, அடில இருந்து மேல கொண்டு வாங்க. சுத்திக் கிண்ட வேணாம். கிண்டினா உள்ள இருக்கிற காத்து போயிரும், பிறகு உறைஞ்சா செங்கல்லு மாதிரி.

மிக்ஸில, பீற்றர்ல போடாதீங்க. கத்தி சுத்துற சூட்டில அரை நிமிசத்தில பாலாகும். லேசா வேல முடியும் எண்டு நினைச்சுத்தான் போடுறாங்க, எங்க அண்ணன்ட மகளும் அப்பிடித்தான் ஒரு டப்பாவ முழுசாப் பாலாக்கினா, "மாமி, கரண்டியால கை நோகுது" எண்டா. கை நோகுது எண்டா ஐஸ்கிறீம் இன்னும் இளகல்ல எண்டுதான் அர்த்தம், திரும்ப 5 நிமிசம் பிரிட்ஜ்ல வச்சுட்டு வாங்க.

முழுசா ஒரே நிறம் வரணும் எண்டு தேவையில்ல. அங்கங்க கோடு கோடா நிண்டாலும் அழகுதான், வாய்க்கும் ஒரு கரண்டி மெல்லிசா, ஒரு கரண்டி அழுத்தமா வரும். கஜு, கற்கண்டு மாதிரி கடிக்கிற சாமான் கடைசி ரெண்டு மடிப்புல போடுங்க.

11. திரும்ப உறைய விடுறது

குளிர்ந்த பதிவான டப்பால அழுத்தி நிரப்பி, மேல மட்டமாத் தடவி, சுத்தமான பொலித்தீன் ஒண்ட ஐஸ்கிறீம் மேலயே ஒட்ட விரிச்சு, அதுக்கு மேல மூடி. இடையில காத்து நிண்டா அதுல இருக்கிற ஈரம் மேல பூவா உறையும், மீன் மணமும் அந்த வழியாத்தான் வரும்.

பதிவான டப்பா ஏனெண்டா உசரமானதவிட அது கெதியா உறையும், எவ்வளவு கெதியா உறையுதோ அவ்வளவு சின்ன ஐஸ் கல். பிரீசர்ட அடி ஆழத்தில, கதவுக்குத் தூரமா வையுங்க. ராவைக்கு வச்சா விடிய எடுக்கலாம், 8 மணித்தியாலத்துக்கு முதல் திறந்து பாக்க வேணாம்.

கரண்ட் போனா கதவத் திறக்காதீங்க, அவ்வளவுதான். பிரீசர்ல இடம் சும்மா கிடந்தா தண்ணிப் போத்தல் அடுக்கி வையுங்க, நிறைஞ்ச பிரீசர் கனநேரம் குளிரத் தாங்கும். கரண்ட் வந்து பாக்கும்போது ஐஸ்கிறீம் தண்ணியா உருகியிருந்தா அதத் திரும்ப உறைய வைக்க வேணாம், பால் சாமான் சூட்டில நிண்டா கிருமி பெருகும், உறைய வச்சாலும் அந்தக் கிருமி சாகாது. சில்லெண்டு இருந்தா அந்த நேரமே குடிச்சிருங்க, சூடாகியிருந்தா ஊத்திருங்க. மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா புள்ளைகளுக்குக் குடுக்கிற சாமான்.

12. பிழைச்சா என்ன செய்யலாம்

வாசம் மிஞ்சினா இன்னொரு அரை லீட்டர் வெறும் வெனிலாவ இதே மாதிரி இளக்கி, அதுக்குள்ள இத மடிச்சு விடுங்க. சீனி, பால் எண்டு ஊத்திச் சமாளிக்கப் போக வேணாம்.

வாசம் காணாட்டி திரும்ப இளக்க வேணாம். பரிமாறும்போது அதே தூளை ரின்பால்ல குழைச்சு மேல ஒரு கோடு விடுங்க.

கல்லுக் கல்லா இருந்தா தண்ணி கூடிட்டு, இல்லாட்டி உருகி உறைஞ்சிட்டு. அதத் திரும்பச் சரிபண்ண வழி இல்ல. குளிர்ந்த பாலோட மிக்ஸில அடிச்சு மில்க் ஷேக்காக் குடுங்க, ஏலக்காய் கறுவாக் கலவை அப்பிடிக் குடிக்க நல்லாவே இருக்கும்.

கசந்தா பெரும்பாலும் மூண்டுல ஒண்டு: சாமான் கருகிட்டு, தேசிக்காய்த்தோல்ல வெள்ளை சேந்திட்டு, பச்சை இஞ்சி போயிட்டு. எது எண்டு கண்டுபிடிச்சு எழுதி வையுங்க.

13. எவ்வளவு நாள் வைக்கலாம்

புதினா, துளசிக் கலவைய 4 நாளுக்குள்ள முடிங்க, அதுக்குப் பிறகு வாசம் போய் வைக்கோல் மணம் வரத் தொடங்கும். ரம்பை ஒரு கிழமை. காஞ்ச மசாலாக் கலவை ரெண்டு கிழமை வரைக்கும் நல்லா நிக்கும், இரண்டாம் மூண்டாம் நாள்தான் அதுக்கு உச்சம், அதால விசேசத்துக்கு எண்டா ரெண்டு நாள் முதலே செஞ்சு வையுங்க. கரண்டிய நனைச்சுக்கொண்டு உள்ள விடாதீங்க, அந்தச் சொட்டுத் தண்ணியும் கல்லாகும்.

குடுக்கிறதுக்கு 5 நிமிசம் முதல் கீழ்ப் பிரிட்ஜுக்கு இறக்குங்க. இறுகிக் கிடக்கிற ஐஸ்கிறீம்ல வாசம் பூட்டிக் கிடக்கும், கொஞ்சம் இளகினாத்தான் மூக்குக்கு ஏறும்.

டப்பா மேல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டி என்ன கலவை, எத்தின கராம்பு, எந்தத் திகதி எண்டு பென்சிலால எழுதுங்க. பேனை மை ஈரத்தில கலைஞ்சிரும்.